ஒற்றைக் காது ரகசியம்!

"ஐயோ... கொலை! கொலை பண்ணிட்டாங்களே!"

பிள்ளையார்பாளையமே திடுக்கிட்டது.

காலை ஆறே முக்கால் மணி. தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த பட்டுப் பாவு நூல்களுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்கள் கஞ்சிக் கையோடு ஓடினார்கள். சைக்கிளில் போன பால்காரர் கால் ஊன்றி நின்றார். எதிர்வீட்டு நாய் குரைத்தது. அடுத்த தெரு நாய் அதற்குப் பதில் சொன்னது.

ஏலவார்குழலி மட்டும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை!

தெருமுனையில் நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். கையில் பச்சை ஒயர் கூடை. கூடையில் பூ, வெற்றிலை, ஒரு தேங்காய். வலது காதில் சின்னதாக ஒரு குமிழ். அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று கழுத்தோரமாக இறங்கி, முந்தானைக்குள் புகுந்து காணாமல் போயிருந்தது.

குழலிக்குக் காது கேட்காது. மிஷின் வைத்திருக்கிறாள். இது ஊருக்கே தெரியும்.

ஊருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்.

அவளுக்குப் பாம்புக் காது!

* * *

எல்லாம் ஐப்பசி மாதம் ஆரம்பித்தது.

"உனக்குச் சர்க்கரைம்மா" என்றார் டாக்டர். "தினம் காலையில முக்கா மணி நேரம் நடக்கணும்."

"எங்க டாக்டர் போவணும்?"

"எங்கயும் போவ வேணாம். சும்மா நட."

சும்மா!

நாற்பத்தொரு வருஷத்தில் அவள் சும்மா எங்கும் போனதில்லை. இடுப்பில் குடமோ, தோளில் குழந்தையோ, கையில் நூல் கட்டோ இல்லாமல் தெருவில் இறங்கியதே கிடையாது. வெறுங்கையோடு நடந்த முதல் நாள், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. யாருடைய கைகளோ தன்னோடு கூட நடந்து வருகிற மாதிரி இருந்தது.

பதினோரு வீடு. பதினோரு கேள்வி.

"எங்கக்கா போற?"

"யாருக்கனா ஒடம்பு சரியில்லயா?"

"வூட்ல சண்டையா?"

மூன்றாம் நாள், நடையை விட்டுவிடலாம் என்று முடிவு கட்டினாள். அன்றைக்குத்தான் தம்பி வந்தான். கப்பலில் வேலை. தீபாவளிக்கு அக்காவுக்கென்று சிங்கப்பூரிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்கி வந்திருந்தான்.

"சத்தமா வெச்சா மாமாவுக்குத் தறியில கவனம் தப்பும். இத காதுல சொருகிக்கக்கா. உனக்கு மட்டும் கேக்கும்."

உனக்கு மட்டும்...

அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் என்று ஒரு தட்டுகூடக் கிடையாது.

மறுநாள் கூடையின் அடியில் டிரான்சிஸ்டர். மேலே துணி. அதன்மேல் பூ, வெற்றிலை, தேங்காய். கோயிலுக்குப் போகிறவளை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா! சர்வதீர்த்தக் குளத்தைச் சுற்றி நடந்தாள். இலங்கை வானொலி காதுக்குள் பாடியது. பாட்டு வெளியிலிருந்து வருவதாகவே தெரியவில்லை. தலைக்குள் யாரோ புதிதாக ஓர் அறை கட்டி, சாவியை அவளிடம் மட்டும் கொடுத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. அந்த அறையில் சமைக்க வேண்டாம். பதில் சொல்ல வேண்டாம். கால்கள் தாமாக நடந்தன.

நாலு சுற்று முடிந்ததே தெரியவில்லை!

திரும்பி வரும்போதுதான் அங்கம்மாள் பார்த்துவிட்டாள். நாலு வீடு தள்ளி இருப்பவள். தெருவின் காலைப் பத்திரிகை, மாலைப் பத்திரிகை இரண்டும் அவள்தான்.

"இன்னாக்கா காதுல ஒயரு?"

பாட்டு மும்முரமாக இருந்தது. குழலி போய்க்கொண்டே இருந்தாள்.

"யக்கா! உன்னத்தான்! ஏலவார்குழலியக்கா!"

மூன்று முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. அங்கம்மாள் வாயில் கை வைத்தாள்.

"ஐயையோ... அக்காவுக்குக் காது போயிடுச்சே! மிஷினு மாட்டிக்கினு நடக்குதே!"

குழலி வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே செய்தி அடுப்படி வரை போய்விட்டிருந்தது. கணவர் மாணிக்கவாசகம் தறியிலிருந்து எழுந்து வந்து அவளையே பார்த்தார். குறைவாகப் பேசுகிற மனிதர். தறியில் உட்கார்ந்தால் தறிதான் பேசும்.

"காது கேக்கலயா?" என்று சைகையில் கேட்டார்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

டிரான்சிஸ்டர் என்று சொன்னால் சிரிப்பார்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டே ஊர்சுற்றும் பொம்பளை என்பார்கள். நாளைக்கு அது மாடத்துக்குப் போய்விடும். வீடு முழுக்கக் கேட்கும். தலைக்குள் இருக்கும் அறை இடிந்து பொதுச் சத்திரமாகிவிடும்!

வாயை மூடிக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்றிலிருந்து நாலு மாதம்.

எதிரே வந்தவர்கள் கேள்வி கேட்பதை நிறுத்தினார்கள். ஒயர் காதில் இருந்தால் கத்திப் பேசினார்கள். அப்போது அவளுக்குப் பாட்டைத் தவிர எதுவும் கேட்காது. ஒயரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டால், 'இப்ப இவளுக்குக் கேக்காது' என்று பக்கத்திலேயே நின்று ரகசியம் பேசினார்கள். அப்போதுதான் எல்லாம் கேட்கும்!

அந்தத் தேங்காய் மட்டும் மாறவேயில்லை. நாலு மாதமாக அதுவும் அவளோடு நடந்துகொண்டிருந்தது. அதற்குச் சர்க்கரை இருந்திருந்தால் இந்நேரம் இறங்கியிருக்கும்.

தீபாவளிக்குப் போட்ட பாட்டரி செல்லும் தீரவில்லை. சிங்கப்பூர் செல் என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டாள்.

* * *

இப்போது, கூச்சல் கிளம்பிய நெசவாளர் சம்பந்தம் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும், குழலி அவசரமாகக் காதிலிருந்து குமிழை எடுத்தாள்.

உள்ளே திருஞானசம்பந்தம் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். தெருவில் பெரிய கை. இரண்டு தறி. ஈர வேட்டி, நெற்றி நிறைய விபூதி.

"அம்பாளே! உன் புடவைய அறுத்துட்டான்மா! உன் கழுத்த அறுத்துட்டான்மா!"

கூடத்துத் தறியில் பாவு இழைகள் அறுபட்டு, பின்னல் அவிழ்ந்த கூந்தல் மாதிரித் தொங்கின. நெய்து முடித்த பகுதியைக் காணோம்!

சப் இன்ஸ்பெக்டர் கலியாணசுந்தரம் ஏழேகாலுக்கு வந்தார். வேறு ஜில்லாக்காரர். காஞ்சிபுரத்துக்கு வந்து இரண்டே வாரம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"பொணம் எங்கய்யா?"

"அதோ சார்."

"எங்க?"

"தறியில தொங்குது பாருங்க சார்."

"யோவ், இது நூலுய்யா!"

"எங்களுக்கு இதான் சார் கொலை" என்றாள் சம்பந்தத்தின் மனைவி வடிவாம்பாள், மூக்கைச் சிந்தியபடி. "ஏகாம்பரநாதர் கோயில் கல்யாணத்துக்கு அம்பாளுக்குக் கட்டற புடவை சார். இன்னும் ஒம்போது நாள்தான் இருக்குது!"

சப் இன்ஸ்பெக்டர் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரி. விவரமா சொல்லுங்க."

சம்பந்தம் சொன்னார். பட்டணத்து உபயதாரர் ஒருவர், அசல் சரிகையைத் தாமே வாங்கிக் கொடுத்து நெய்யச் சொன்ன புடவை. இன்றைக்குப் பத்து மணிக்கு அவர் நகைப் பத்தரோடு வந்து சரிகையை உரசிப் பார்ப்பதாக ஏற்பாடு. காலையில் சம்பந்தம் சர்வதீர்த்தத்துக்குக் குளிக்கப் போனார். வடிவாம்பாள் தண்ணீருக்குக் குழாயடிக்குப் போனாள். வீட்டில் யாரும் இல்லை.

"குளிச்சிட்டு ஆறே முக்காலுக்கு வரேன்... அறுத்துக் கெடக்குது சார்! தறிக்கு அடியில பழனியோட கத்தரி கெடக்குது!"

"பழனி யாரு?"

"நான்தான் சார்."

ஒல்லியான மனிதர். நாற்பது வயதிருக்கும். எட்டு வருஷமாக அந்தக் கூடத்துத் தறியில் நெய்பவர்.

"உன் கத்தரியா இது?"

"என்துதான் சார். நேத்து இங்கதான் வெச்சிட்டுப் போனேன். நான் அறுக்கல சார்! நான் நெய்ஞ்ச புடவை சார் அது!"

"ரெண்டு நாளா இவனுக்கும் எனக்கும் வாக்குவாதம் சார்" என்றார் சம்பந்தம். "கோவத்துல பண்ணிட்டான்."

"என்ன வாக்குவாதம்?"

பழனி தலையைக் குனிந்துகொண்டார். "சரிகை கைக்கு வேற மாதிரி இருக்குதுன்னு சொன்னேன் சார். அதுக்குக் கத்தினாரு."

"என் வூட்டு சரிகைய இவன் கொறை சொல்றான் சார்!"

போலீஸ்காரர்கள் வீட்டைப் புரட்டினார்கள். பெட்டி, பரண், கிணறு, தவிட்டுப் பானை. பழனி வீட்டையும் புரட்டினார்கள். புடவை இல்லை.

"எங்கய்யா ஒளிச்சே?"

"தெரியாது சார்!"

"ஜீப்புல ஏறு. அங்க வந்தா தெரியும்."

பழனியின் கையில் விலங்கு விழுந்தது. அவர் மனைவி கிருஷ்ணவேணி ஓடிவந்து ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. கதவை விடவும் இல்லை.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற குழலிக்குச் சட்டென்று நினைவு வந்தது.

நேற்று...!

நேற்றுக் காலை. சர்வதீர்த்தப் படிக்கட்டு. செருப்பு வார் அறுந்து, அதை முடிச்சுப் போட உட்கார்ந்திருந்தாள். ஒயரைக் கழற்றித் தோளில் போட்டிருந்தாள். இரண்டு படி கீழே சம்பந்தமும், சின்ன காஞ்சிபுரத்துச் சரிகை வியாபாரி கோதண்டபாணியும் வந்து உட்கார்ந்தார்கள்.

"யோவ், அந்தம்மா இருக்குது" என்றார் கோதண்டபாணி.

"அது செவுடுபா. மிஷின கழட்டிக்கினு இருக்குது பாரு. இடி விழுந்தாலும் கேக்காது. நீ சொல்லு."

"நாளைக்குப் பத்தர் வந்து உரசினா செம்பு பல்ல இளிக்கும். அசல் சரிகைய உன் பேச்சக் கேட்டு நான் வித்துட்டேன். இப்ப இன்னா பண்றது?"

"உரசறதுக்குப் புடவை இருந்தாதான? அறுத்துடறேன். பழி பழனி மேல போவட்டும். அவன்தான் மோப்பம் புடிச்சிட்டானே."

"அறுத்து எரிச்சிடு."

"பட்டு எரிஞ்சா ஊரே மோப்பம் புடிச்சிக்கினு வந்துடும். வெளிய எடுத்துக்கினு போவவும் முடியாது. தெரு பூரா பாவு, ஆளு. என் உள்ரூம் தறி இருக்குது இல்ல? அதுல ஒளிச்சா எவன் பிரிப்பான்?"

குழலி அதைக் கேட்டாள். ஆனால் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. செருப்பைச் சரிசெய்துவிட்டு, விட்ட பாட்டைப் பிடிக்கும் அவசரத்தில் எழுந்து போனாள். ஏதோ கணக்கு வழக்கு, நமக்கென்ன என்று போனாள்.

இப்போது சொன்னால்...?

'நீ எப்படிக் கேட்டே?' என்பார்கள்.

மற்றவர்கள் முன் பொய்க்காரியாகிவிடுவோம் என்றுகூட அவளுக்கு முதலில் தோன்றவில்லை. முதலில் தோன்றியது, நாளைக் காலை. நாலு சுற்று. பாட்டு. அது போய்விடும்.

ஒரு தட்டில் ஒரு மனிதனின் ஜெயில். இன்னொரு தட்டில் முக்கால் மணி நேரப் பாட்டு. தராசு ஒரு நொடியாவது ஆடியது! அது ஆடியதற்காகவே அவளுக்குத் தன்மேல் கூசியது.

அந்த நேரத்தில்தான் சம்பந்தம் தப்பு செய்தார்.

கூட்டத்தில் அவளைப் பார்த்துவிட்டார்!

"சார், வேணுன்னா இந்த அண்ணிய கேளுங்க! சர்வதீர்த்தத்துலதான் நடந்துக்கினு இருந்தாங்க. நான் கையாட்டினேன். பாவம், காது கேக்காது. கண்ணு நல்லா தெரியும்."

சப் இன்ஸ்பெக்டர் அவள் முகத்தருகே வந்து கத்தினார்.

"யம்மா! இவுரு! குளத்துல! இருந்தாரா?"

தலையை ஆட்டினால் போதும். எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

"மொத சுத்துல இருந்தாரு" என்றாள் குழலி. "கையாட்டினாரு. ரெண்டாவது சுத்துல இல்ல. மூணாவதுல இல்ல. நாலாவதுலயும் இல்ல."

கூட்டம் சலசலத்தது.

"மொத சுத்து எத்தன மணிக்கும்மா?"

"ஆறு மணிக்கு ஆரம்பிச்சேன். படித்துறையத் தாண்ட சொல்ல மணி ஆறு மூணு. அடுத்த தடவ தாண்ட சொல்ல ஆறு பன்னெண்டு. அப்ப படித்துறை காலி."

சம்பந்தம் சிரித்தார். பெரிதாகச் சிரித்தார்.

"சார்! கையில வாச்சு கெடையாது. கோயில் மணி அடிச்சாலும் கேக்காது. நிமிசக் கணக்கு சொல்லுது பாருங்க!"

கூட்டமும் சிரித்தது. சப் இன்ஸ்பெக்டரும் திரும்பிவிட்டார்.

"வண்டிய எடு."

ஜீப் உறுமியது. கிருஷ்ணவேணியின் விரல்களைக் கதவிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

குழலி கூடைக்குள் கையை விட்டாள்.

டிரான்சிஸ்டரில் சொருகியிருந்த ஒயரைப் பிடித்து... ஒரே இழுப்பு!

டண்டணக்கா டண்டணக்கா என்று வெடித்தது பாட்டு!

தெரு அதிர்ந்தது. சப் இன்ஸ்பெக்டரின் கை இடுப்புக்குப் போனது.

"யம்மாடி!" என்று அலறினாள் அங்கம்மாள். "தேங்கா பாடுது!"

பாட்டு முடிந்தது. ஓர் அறிவிப்பாளர் தேன் குழைத்துப் பேசினார்.

"நேயர்களே, நேரம் இப்போது காலை ஏழு மணி நாற்பது நிமிடம்!"

சப் இன்ஸ்பெக்டர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார்.

"கரெக்டா இருக்குதே!"

"இதான் சார் என் வாச்சு" என்றாள் குழலி. கூடையை உயர்த்திக் காட்டினாள். "ஒரு சுத்துக்கு மூணு பாட்டு. பாட்டுக்கு நடுவுல மணி சொல்லுவாங்க."

"அக்கா..." அங்கம்மாள் மெதுவாகக் கேட்டாள். "அப்போ உனக்குக் காது?"

"கேக்கும்."

"நாலு மாசமாவா?"

"நாப்பத்தோரு வருசமா."

"நான் உன் பக்கத்துல நின்னு பேசினதெல்லாம்...?"

"எல்லாம்."

அங்கம்மாள் கூட்டத்துக்குள் புகுந்து தன்னைத் தொலைத்துக்கொண்டாள்.

குழலி கூட்டத்தில் கணவரைத் தேடினாள். அவர் எட்டு அடி தூரத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

போச்சு...!

சரி, போகட்டும். குழலி படிக்கட்டில் கேட்டதை ஒரு வரி விடாமல் சொன்னாள். உரசினால் செம்பு. உள்அறைத் தறி. எவன் பிரிப்பான்?

"பொய்!" என்றார் சம்பந்தம். அவர் நெற்றி விபூதி வியர்வையில் ஓடியது. "நாலு மாசமா செவுடுன்னு ஊரையே ஏமாத்தினது சார்! அது பேச்ச நம்பறீங்களா?"

"உள்ரூம் தறியப் பாத்தாச்சு சார்" என்றார் ஒரு போலீஸ்காரர். "அதுல நீலப் புடவதான் ஓடுது."

"படமரத்தப் பிரிச்சிப் பாத்தீங்களா?" என்றாள் குழலி.

கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது.

நெய்த துணியைச் சுருட்டிக்கொள்ளும் உருளைக் கட்டைதான் படமரம். புடவை முடிந்து அறுக்கும் வரை அதை யாரும் பிரிக்க மாட்டார்கள். பாதியில் பிரித்தால் இழுவை போய்விடும். அதைவிட, பாதி நெசவைப் பிரிப்பது குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு பயம். அந்தத் தெருவில் பிறந்த எந்தக் கையும் அதற்குத் துணியாது. சம்பந்தம் அந்தக் கைகளை நம்பித்தான் கணக்குப் போட்டிருந்தார்!

"யாருய்யா பிரிக்கறது?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

ஒருவரும் அசையவில்லை.

"என் கைய அவுத்து வுடுங்க சார்."

பழனி!

"எனக்கு இதுக்கு மேல ஆகாம போக இன்னா இருக்குது? நான் பிரிக்கறேன்."

உள்அறை. சாமி படங்களுக்குப் பக்கத்தில் சம்பந்தத்தின் சொந்தத் தறி. பழனி கன்னத்தில் போட்டுக்கொண்டு, படமரத்தின் பூட்டைத் தளர்த்தினார்.

ஒரு சுற்று... நீலம்.

இரண்டு சுற்று... நீலம்.

மூன்று... நான்கு... நீலம்!

"நான் சொல்லல?" என்றார் சம்பந்தம்.

ஏழாவது சுற்றில் நீலத்துக்கு அடியிலிருந்து அரக்கு நிறம் எட்டிப்பார்த்தது!

அம்பாள் புடவை!

வடிவாம்பாள் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். அழுகை நின்றுபோயிருந்தது.

"நானு நெஞ்சில அடிச்சிக்கினு அழுதேன். நீ பாத்துக்கினு நின்ன..."

பழனி சரிகைக் கரையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பளபளப்பு உதிர்ந்தது. உள்ளே வெள்ளி இல்லை. செம்பு சிவந்து சிரித்தது.

விலங்கு கை மாறியது. கோதண்டபாணியைக் கூட்டிவர ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் சின்ன காஞ்சிபுரத்துக்குப் பறந்தார். கிருஷ்ணவேணி குழலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடவில்லை.

எல்லாம் சுபம் என்று நினைக்கும்போது...

"யம்மா, ஒரு நிமிஷம்" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"சார்?"

"நல்ல காரியம் பண்ணீங்க. சந்தோஷம். ஆனா..." அவர் கூடையைக் காட்டினார். "இந்த டிரான்சிஸ்டருக்கு லைசென்ஸ் இருக்குதா?"

குழலி கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

லைசென்ஸ்! ரேடியோ வைத்திருப்பவர்கள் தபாலாபீசில் வருஷா வருஷம் எடுக்க வேண்டியது. சமையற்கட்டில் காலண்டர் மாட்டுகிற மாதிரி எல்லோருக்கும் தெரிந்த சட்டம். காது மிஷினுக்கு யாராவது லைசென்ஸ் எடுப்பார்களா!

"இல்லாட்டி செட்ட எடுத்துட்டுத்தான் போகணும். என்னம்மா பண்றது, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான."

அவர் கை கூடையை நோக்கி நீண்டது.

"இருக்குது சார்."

எல்லோரும் திரும்பினார்கள்.

வாசற்படியில் மாணிக்கவாசகம்! மூச்சிரைத்தது. வீட்டுக்கு ஓடிப் போய்த் திரும்ப ஓடி வந்திருந்தார். கையில் சின்னதாக ஒரு புத்தகம்.

சப் இன்ஸ்பெக்டர் பிரித்துப் படித்தார்.

"மா. ஏலவார்குழலி... டிரான்சிஸ்டர் ஒண்ணு... முத்திரை, நவம்பர் எழுபத்து மூணு." நிமிர்ந்தார். "நாலு மாசம் முன்னாலயே எடுத்திருக்கீங்க!"

"ஆமாம் சார்."

குழலி புத்தகத்தைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து நடந்த எதற்கும் அவளுக்கு இப்படித் தலை சுற்றவில்லை!

* * *

வீடு. மாணிக்கவாசகம் தறியில் உட்கார்ந்தார். குழலி கூடையை இறக்கி வைத்தாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டாம் நாளே."

"எப்டி?"

"கொழம்புல உப்பு கம்மின்னு எனக்குள்ளயே மொணகினேன். மறுநாளு சரியா இருந்துது."

"செல்லு...?"

"வெள்ளிக்கெழம நீ எண்ண தேச்சிக்கினு குளிக்கப் போவ சொல்ல மாத்திடுவேன். சிங்கப்பூரு செல்லு நாலு மாசம் ஓடுமா இன்னா?"

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஊடிழை ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு தறியிடம் சொன்னார்.

"கேட்டா நிறுத்திடுவ. நடந்தாதான சர்க்கரை கொறையும்."

குழலி சுவரில் சாய்ந்துகொண்டாள். தலைக்குள் இருந்த அறைக்கு இன்னொரு சாவி இருந்திருக்கிறது. வைத்திருந்தவர் நாலு மாதமாக வெளியிலேயே நின்றிருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறை விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு, அடிச் சத்தம் கேட்காமல் போயிருக்கிறார். இருபத்து மூன்று வருஷம் ஒரே கூரையில் இருந்து, இந்த மனிதரின் நடைச் சத்தம் தனக்குக் கேட்கவே இல்லையே!

கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு" என்றார் மாணிக்கவாசகம்.

"இன்னா?"

"போன வாரம் டாக்டரு எனக்கும் ரத்தம் எடுத்துப் பாத்தாரு. எனக்கும் சர்க்கரையாம்."

"ஐயையோ!"

"நடக்கணுமாம். நாளைலேருந்து நானும் உங்கூட வரேன். நாலு சுத்தும் பேசிக்கினே நடக்கலாம்." குறைவாகப் பேசுகிற அந்த மனிதர் முதல் தடவையாக முகம் மலர்ந்தார். "சொல்றதுக்கு எங்கிட்ட நெறைய இருக்குது!"

குழலி அவரை ஒரு நிமிடம் அன்பாகப் பார்த்தாள்.

பிறகு கூடைக்குள் கையை விட்டு, ஒயரை எடுத்து, குமிழைக் காதில் அழுத்திச் செருகிக்கொண்டாள்.

"என்னாங்க சொன்னீங்க? மிஷினு மாட்டினா எனக்கு ஒண்ணும் கேக்காதுன்னு தெரியாதா உங்களுக்கு?"